பெங்களூரிலிருந்து ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் ஆவது: எதை முதலில், எதை அப்புறம்

பெங்களூரில் கடல் இல்லை. ஆனால் அந்தமானிலோ முருடேஷ்வரிலோ ஒரு டைவ் சென்டரில் போய் நின்றால், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ ஒயிட்ஃபீல்டிலிருந்தோ வந்த யாராவது ஒருவர் காற்று டேங்க் தூக்கிக்கொண்டிருப்பார். அதில் நம்மூர்க்காரர்களும் உண்டு. இன்ஸ்ட்ரக்டர் ஆகியே தீருவேன் என்று கிளம்பி நடுவழியில் நின்றுபோனவர்களைக் கவனித்தால், திறமை போதாமல் நின்றவர்கள் குறைவுதான். வேலையை விட்டபிறகு காது டாக்டரைப் பார்த்தவர்கள், பணம் கட்டியபிறகு நீச்சல் பழகப் போனவர்கள், நூறு டைவையும் ஒரே பாறையைச் சுற்றியே முடித்தவர்கள், இப்படி வரிசை தப்பியவர்களே அதிகம். அதனால் இங்கே வரிசைதான் பேச்சு.

இந்தியாவில் பரவலாக இருப்பது ‘பாடி’ (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் பாடத்திட்டம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். எஸ்.எஸ்.ஐ. என்ற இன்னொரு அமைப்பின் வழியில் போகிறவர்களுக்குப் படிகளின் பெயரும் சில எண்களும் மாறும். செய்ய வேண்டிய வேலை பெரிதாக மாறாது.

1. முதலில் டாக்டர், அப்புறம் பணம்

பொழுதுபோக்குக்கு டைவ் செய்பவர் மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கலாம். டைவ்மாஸ்டர், அதாவது இன்ஸ்ட்ரக்டருக்கு உதவியாக வேலை செய்யும் முதல் தொழில்முறைப் படியிலிருந்து அது நடக்காது. கடந்த 12 மாதங்களுக்குள் டாக்டர் கையெழுத்திட்ட சான்று கட்டாயம். அதனால் அந்தக் கையெழுத்து கிடைக்குமா என்பதை, முதல் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

குறிப்பாகக் காதையும் சைனஸையும் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாணவராக இருக்கும்போது ஒரு டைவுக்கு ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறுவீர்கள். இன்ஸ்ட்ரக்டர் ஒரே காலையில் பல தடவை ஏறி இறங்குவார். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாக மேலே கூட்டிவரும் அவசரகால ஏற்றப் பயிற்சி ஒன்று போதும், காது கெஞ்ச ஆரம்பித்துவிடும். மாதம் ஒரு தடவை சளி பிடிக்கிற உடம்பு என்றால் இந்தத் தொழிலில் அது நேரடியாக வருமான இழப்பு. பெங்களூர்த் தூசியில் ‘எனக்கு எப்பவும் லேசா மூக்கடைப்பு இருக்கும்’ என்று சாதாரணமாகச் சொல்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கவே கூடாது.

ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு, காது ஆபரேஷன் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். நம் ஊர் டாக்டர்கள் பலருக்கு டைவிங் பற்றிய பழக்கம் குறைவு. படிவத்தோடு வரும் டாக்டருக்கான குறிப்புகளையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் ‘கடலா, வேண்டாம்பா’ என்பதோடு முடிந்துவிடும், அல்லது எதையும் படிக்காமல் கையெழுத்து விழும். இரண்டுமே உங்களுக்கு உதவாது.

மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு டைவ் செய்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஆழத்தில் இருக்கும்போது மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டால், காதுக்குள் விரியும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. மேலே வருவதே பெரும்பாடாகிவிடும்.

2. நீச்சல்: அபார்ட்மெண்ட் குளம் போதாது

முதல் கோர்ஸான ஓப்பன் வாட்டருக்கு 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிட மிதவையும் போதும். டைவ்மாஸ்டருக்கு வரும்போது எந்த உபகரணமும் இல்லாமல் 400 மீட்டர், மாஸ்க், ஃபின், ஸ்நார்க்கலோடு 800 மீட்டர், 15 நிமிடம் நின்ற இடத்தில் மிதப்பது (கடைசி 2 நிமிடம் கையைத் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொண்டு), அசைவில்லாமல் கிடக்கும் டைவரை 100 மீட்டர் இழுத்துச் செல்வது எல்லாம் வரும். நீச்சலுக்கும் இழுவைக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண்.

அபார்ட்மெண்ட் குளம் 12 அல்லது 15 மீட்டர்தான் இருக்கும். சுவரைத் தொட்டுத் திரும்பி உதைக்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு ஒரு நொடி ஓய்வெடுத்துக்கொள்கிறது, இரண்டு மூன்று மீட்டர் இலவசமாகவும் கிடைக்கிறது. அங்கே 400 மீட்டர் முடித்துவிட்டேன் என்று நம்பிக் கடலுக்குப் போகிறவர்கள் பாதியிலேயே திணறுவார்கள். கடலில் சுவர் கிடையாது. பசவனகுடியில் இருப்பது மாதிரி 50 மீட்டர் குளத்தில், வாரம் மூன்று நாள், சில மாதங்கள் நீந்துங்கள். கடைசிச் சில வாரங்கள் சுவரைத் தொடாமலே திரும்பிப் பழகுங்கள்.

இதை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? நீச்சல் பெங்களூரிலேயே, வேலைக்குப் போய்க்கொண்டே, மலிவாக முடிக்கக்கூடிய விஷயம். இதற்காக அந்தமானில் அறை வாடகை கொடுத்துத் தங்குவது வீண் செலவு.

3. படிகளும் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியும்

ஓப்பன் வாட்டர் (18 மீட்டர் வரை), அட்வான்ஸ்டு (30 மீட்டர் வரை), முதலுதவிப் பயிற்சி, ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர், அதற்குமேல் ஐ.டி.சி. எனப்படும் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி, கடைசியில் ஐ.ஈ. எனப்படும் தேர்வு. இதுதான் ஏணி.

இதில் இடறும் இடங்கள் மூன்று. டைவ்மாஸ்டரில் சேர 40 டைவ் பதிவாகியிருக்க வேண்டும், முடிக்க 60 வேண்டும். ஐ.டி.சி.யில் உட்கார 60 போதும், ஆனால் தேர்வுக்குப் போகும்போது 100 இருக்க வேண்டும். முதல் சான்றிதழ் வாங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இந்த 6 மாதக் கணக்கைப் பார்க்காமல் ‘மூன்றே மாதத்தில் இன்ஸ்ட்ரக்டர்’ என்று திட்டம் போட்டு விடுப்பு எடுத்தவர்கள் தேர்வுத் தேதியைத் தவறவிடுகிறார்கள்.

முதலுதவிப் பயிற்சிக்கு 24 மாதக் காலவரம்பு உண்டு. ரெஸ்க்யூ முடித்துவிட்டு இரண்டு வருடம் அலுவலக வேலையில் மூழ்கிவிட்டால் முதலுதவியைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். தவிர, தேர்வுக்குப் போகும் முன் முதலுதவி கற்றுக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர் தகுதியும் தனியாக வேண்டும். பெரும்பாலும் ஐ.டி.சி.யோடு சேர்த்தே அதை நடத்திவிடுவார்கள். கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. எந்தக் கடல், எந்த மாதம்

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வசதி: இரண்டு கரைகளும் ஓர் இரவுப் பயணத்தில் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, முருடேஷ்வர் பக்கம் நேத்ராணித் தீவுக்குப் படகு போகாது. வடகிழக்குப் பருவமழையில், முக்கியமாக நவம்பர், டிசம்பரில், புதுச்சேரி, சென்னைப் பக்கம் புயலை நம்பி டிக்கெட் போட முடியாது. ஒன்று மூடியிருக்கும்போது மற்றொன்று திறந்திருக்க வாய்ப்பு உண்டு. வார இறுதி டைவ்களை இப்படி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் வேலையை விடாமலே ரெஸ்க்யூ வரை வந்துவிடலாம்.

டைவ்மாஸ்டரும் ஐ.டி.சி.யும் வார இறுதியில் நடக்கிற காரியம் இல்லை. அவற்றுக்கு அந்தமானில் ஸ்வராஜ் தீவு (பழைய பெயர் ஹேவ்லாக்), அல்லது புதுச்சேரி, அல்லது தாய்லாந்தின் கோ தாவ் போன்ற இடத்தில் தொடர்ச்சியாகத் தங்க வேண்டும். அந்தமான் சீசன் அக்டோபரில் தொடங்கி மே வரை. ஐ.டி. கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள் என்றால், அக்டோபரில் அங்கே நிற்க ஜூலையிலேயே கடிதம் கொடுத்தாக வேண்டும். ஆனால் ரெஸ்க்யூ முடியும்வரை ராஜினாமா கடிதத்தைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. அடுத்தவர் ஆபத்தில் இருக்கும்போது உங்கள் மனம் எப்படி வேலை செய்கிறது என்பது அந்தக் கோர்ஸில்தான் உங்களுக்கே தெரியவரும். சிலர் அங்கே ‘இது எனக்கு வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, சந்தோஷமாகப் பொழுதுபோக்கு டைவராகவே இருந்துவிடுகிறார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

5. ஞாயிறு இரவு பஸ்: பெங்களூர்க்காரர்களுக்கே உரிய ஆபத்து

கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நமக்கு உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டைவ் முடிந்தபிறகு உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் வெளி அழுத்தம் குறைந்து, அந்த வாயு உடம்புக்குள்ளேயே குமிழாகப் பிரியும் வாய்ப்பு கூடுகிறது. மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை அது கொண்டுபோய் விடலாம்.

‘விமானத்தில் போனால்தானே காத்திருக்கணும், நான் பஸ்ஸில்தானே போறேன்’ என்பது அடிக்கடி கேட்கிற பேச்சு. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் காத்திருப்பு, விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. சுமார் 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் அது. பெங்களூர் அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரி, ஓசூர் என்று பஸ் ஏறும்போதும், மங்களூர்ப் பக்கமிருந்து சக்லேஷ்பூர் மலைப்பாதையில் ஏறும்போதும், உங்கள் உடம்புக்கு அது ஒரு குட்டி விமானப் பயணம்தான்.

ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். கணக்கு எளிது: கடைசி டைவிலிருந்து சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேலே வந்தால், ஞாயிறு காலை 8 மணிக்கு 18 மணி நேரம் முடிகிறது. காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பலாம். ஞாயிறு காலையும் டைவ் செய்துவிட்டு ராத்திரி பஸ் ஏறித் திங்கள் காலை சில்க் போர்டில் இறங்குவது சரிப்படாது. திங்கள்கிழமை விடுப்பு போடுங்கள், அல்லது ஞாயிறு டைவை விட்டுவிடுங்கள்.

இன்ஸ்ட்ரக்டர் ஆனபிறகு பெங்களூரிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலைதான் உங்களுக்கு முதலில் வரும். பயணத் திட்டத்தை இப்படிப் போட இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

6. நூறு டைவ்: எதை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது

நீச்சல் குளத்தில் செய்த பயிற்சி, டைவ்களைப் பதிந்துவைக்கும் லாக் புக்கில் டைவாக ஏறாது. கோர்ஸில் கடலில் செய்யும் பயிற்சி டைவ்கள் ஏறும். நூறில் இரவு டைவ், ஆழ டைவ், திசைகாட்டி வைத்துச் செய்யும் டைவ் ஆகியவற்றின் அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி.

விதியைத் தாண்டியும் ஒன்று உண்டு. நேத்ராணியின் தெளிந்த தண்ணீரிலேயே எல்லா டைவையும் முடித்தவர், புதுச்சேரியின் கலங்கல் தண்ணீரில் நான்கு பேரைக் கூட்டிப்போகச் சொன்னால் தடுமாறுவார். கரையிலிருந்து இறங்கும் டைவ், படகிலிருந்து பின்பக்கமாக விழும் டைவ், நீரோட்டம், பார்வை குறைந்த நாள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூழ்க எவ்வளவு எடை கட்டினீர்கள், எந்த உடுப்பு, எவ்வளவு காற்று மிச்சம் என்று எழுதிவையுங்கள். நாளைக்கு மாணவருக்கு எத்தனை கிலோ கட்டுவது என்று முடிவெடுக்கும்போது அந்தக் குறிப்பு உதவும். மீனின் பெயர்களால் லாக் புக்கை நிரப்புவது அழகுதான், ஆனால் வேலைக்கு ஆகாது.

7. டைவ்மாஸ்டர்: அவசரப்படக் கூடாத படி

இந்த முழுப் பாதையிலும் நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். டைவ்மாஸ்டரைச் சில வாரங்களில் ‘முடித்துக் கொடுக்கும்’ இடங்கள் உண்டு. அப்படி முடித்தவர்களை ஐ.டி.சி.யில் முதல் நாளே அடையாளம் கண்டுவிடலாம்: அவர்களுக்கு நன்றாக டைவ் செய்யத் தெரியும், மாணவரைப் பார்க்கத் தெரியாது.

முடிந்தால் ஒரு சீசனின் பெரும்பகுதியை ஒரே சென்டரில் கழியுங்கள். டேங்க் நிரப்புவது, படகில் சாமான் ஏற்றுவது, விருந்தாளியின் ஃபின் அளவு பார்ப்பது எல்லாம் இருக்கும். சம்பளம் பெரிதாக இருக்காது. தங்க இடம், சாப்பாடு, கோர்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி என்று ஏதாவது ஓர் ஏற்பாடு இருக்கும். அதை வாயால் பேசி விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வகுப்புகளில் உண்மையான மாணவர்களோடு உதவியாளராக இறங்குவீர்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். வருடம் முழுக்க டேங்க் மட்டும் தூக்கிவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீருக்குள் கவனிக்க வேண்டியதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். குளத்தில் மாஸ்கைக் கழற்றி மாட்டும் பயிற்சி. முதல் தடவை செய்கிறவர் மேலே பாயப்போகிறார் என்பது அவர் பாய்வதற்கு முன்பே தெரியும். விட்டு விட்டு வந்துகொண்டிருந்த குமிழ்கள் இடைவெளி இல்லாமல் வரத் தொடங்கும். தோள் காதை நோக்கி ஏறும். மாஸ்க் இன்னும் முகத்தில் இருந்தால், கண் உங்களைப் பார்க்காமல் உங்கள் தலைக்குமேல் தண்ணீர்ப்பரப்பைப் பார்க்கும். பிறகு ஒரு கை மூக்குக்குப் போகும். அந்த நேரத்தில் உங்கள் வலது கை அவர் வாயில் இருக்கும், டேங்கிலிருந்து காற்றைத் தரும் ரெகுலேட்டரைத் தொடும் தூரத்திலும், இடது கை அவருடைய பி.சி.டி. எனப்படும் மிதவை ஜாக்கெட்டின் தோள்பட்டி மேலும் இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து அமுக்குவதற்காக இல்லை. ரெகுலேட்டர் வாயிலிருந்து விழாமல் பார்க்கவும், அவர் ஏறியே தீருவார் என்றால் மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக ஏறவைக்கவும்தான். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தாலும் நுரையீரல் காயப்படலாம்.

இதைப் புத்தகம் கற்றுத்தராது. அனுபவமுள்ள இன்ஸ்ட்ரக்டரின் கை எங்கே இருக்கிறது, அவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கும் வரும். வகுப்பு முடிந்ததும் அவரிடம் ‘அந்த அண்ணனை மட்டும் ஏன் கடைசியில் விட்டீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் பாடம்.

டைவ்மாஸ்டரில் 24 அடிப்படைத் திறன்களைச் செய்துகாட்ட வேண்டும். எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் பார்ப்பவருக்குப் புரியும்படி மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் பிரித்து, தரையில் மண்டியிடாமல் மிதந்தபடியே செய்வது வேறு வேலை. வேகமாகச் செய்துவிட்டு ‘முடிச்சாச்சு’ என்று நிற்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், கூச்சமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் சரியாகும்.

8. பாடங்கள்: பெங்களூரில் உட்கார்ந்தே முடிக்கலாம்

தேர்வில் தியரி ஐந்து பகுதி: இயற்பியல், உடலியல், உபகரணம், டைவ் திறனும் சூழலும், டைவ் அட்டவணை (எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது). ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 75 சதவீதம் வேண்டும். நான்கில் முழு மதிப்பெண் வாங்கி ஒன்றில் சறுக்கினால் தேர்ச்சி இல்லை.

இயற்பியலிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு 10 மீட்டர் கடல்நீருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டால் உடலியலும் அட்டவணையும் தானாகப் புரியும். தலைகீழாகப் போனால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

எஞ்சினியரிங் படித்தவர்களே கோட்டைவிடும் கணக்கு ஒன்று. 200 கிலோ எடையுள்ள ஒரு பொருள் கடலில் 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அது 90 லிட்டர் நீரை இடம்பெயர்க்கிறது. அதை மிதக்கும் நிலைக்குக் கொண்டுவர, காற்று நிரப்பித் தூக்கும் பையில் எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு லிட்டர் கடல்நீர் 1.03 கிலோ. 90-ஐ 1.03-ஆல் பெருக்கினால் 92.7 கிலோ, தண்ணீரே அவ்வளவைத் தாங்குகிறது. மிச்சம் 107.3 கிலோ. அதை 1.03-ஆல் வகுத்தால் சுமார் 104 லிட்டர். அவ்வளவுதான்.

தவறு மூன்று இடத்தில் வரும். கடைசியில் 1.03-ஆல் வகுக்க மறந்து 107 என்று எழுதுவது. நன்னீர் என்று கேள்வியில் சொல்லியிருந்தாலும் 1.03 போடுவது, நன்னீருக்கு 1 கிலோதான். மூன்றாவது, 20 மீட்டர் என்ற எண்ணைப் பார்த்ததும், அங்கே மொத்தம் 3 வளிமண்டல அழுத்தம் என்று கை தானாக 3-ஆல் பெருக்குவது. பைக்குள் இருக்க வேண்டிய கொள்ளளவுக்கும் ஆழத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காற்று நீர்ப்பரப்பில் எத்தனை லிட்டராக இருக்கும் என்று கேட்டால் மட்டும் 3-ஆல் பெருக்கி 312 என்று எழுதுங்கள்.

தினமும் மெட்ரோவில் போகும் நேரம் இதற்குப் போதும். ஐ.டி.சி. தொடங்கும்போது தியரி கையில் இருந்தால், அந்த நாட்களை முழுக்கத் தண்ணீருக்குக் கொடுக்கலாம்.

9. சாமான்: வாங்கும் வரிசை

முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் முதல் கோர்ஸிலேயே. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் அட்வான்ஸ்டுக்கு முன்னால். ரெகுலேட்டரும் பி.சி.டி.யும் டைவ்மாஸ்டரில் சேரும்போது வாங்கினால் போதும். அதற்குள் பல வகைகளை வாடகைக்கு எடுத்துப் பார்த்திருப்பீர்கள், எது உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்திருக்கும். ரெகுலேட்டர் வாங்கும் முன், அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று விசாரியுங்கள். வெளிநாட்டில் சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கிவந்து, உதிரிபாகம் கிடைக்காமல் அலமாரியில் தூங்கும் ரெகுலேட்டர்கள் பெங்களூரில் கொஞ்சம் இல்லை.

மேலே இருக்கும் படகுக்கு இடத்தைக் காட்டும் மிதவைக் குழாயும் அதன் கயிற்று ரீலும், சின்ன கத்தி, எழுதும் பலகை, மூச்சு கொடுக்கப் பயன்படும் பாக்கெட் மாஸ்க், இவை நான்கும் ஐ.டி.சி.க்கு முன்பே சொந்தமாக இருக்கட்டும்.

10. ஐ.டி.சி. எங்கே சேர்வது

ஐ.டி.சி.யை நடத்துபவர் கோர்ஸ் டைரக்டர். தேர்வு நடத்துபவர் அவர் இல்லை. அமைப்பு அனுப்பும் தேர்வாளர் தனியாக வருவார். அதனால் ‘எங்களிடம் சேர்ந்தால் பாஸ் நிச்சயம்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடலாம்.

தேர்வு நீங்கள் நினைத்த நாளில் நடக்காது. தேதி முன்னதாகவே அறிவிக்கப்படும், ஐ.டி.சி. அதற்குச் சற்று முன் முடியும்படி அமையும். எனவே முதலில் தேர்வுத் தேதியைப் பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கி விடுப்பு, டிக்கெட், டைவ் எண்ணிக்கை எல்லாவற்றையும் கணக்கிடுங்கள்.

கட்டணம் கேட்கும்போது ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். ஐ.டி.சி. கட்டணம், பாடப்பொருட்கள், முதலுதவி இன்ஸ்ட்ரக்டர் கட்டணம், தேர்வுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், தங்கும் செலவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தேர்வுக்கும் உறுப்பினர் பதிவுக்கும் அமைப்புக்கே தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகைக்குள் அது பெரும்பாலும் இருக்காது.

ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். ஒரே ஒருவராக இருந்தால் கவனிப்பு அதிகம், ஆனால் மாணவராக நடிக்கவும் தவறு செய்துகாட்டவும் ஆள் இருக்காது. நான்கைந்து பேர் உள்ள வகுப்பு எனக்குப் பிடித்த அளவு.

11. ஐ.டி.சி.க்குள்: டைவ் செய்வதை மறந்து சொல்லிக்கொடுக்கப் பழகுவது

இடத்துக்கு இடம் மாறினாலும் பொதுவாகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம். காலையில் தண்ணீர், மாலையில் வகுப்பு, இரவில் மறுநாளுக்கான தயாரிப்பு. தூக்கம் குறையும், அதனால் எரிச்சல் வரும். வீட்டுப் பிரச்சினை, அலுவலகக் கடைசி வேலை எதையும் இந்த நாட்களுக்குள் கொண்டுவராதீர்கள்.

ஒவ்வொரு திறனையும் சொல்லிக்கொடுக்க ஒரு வரிசை உண்டு. இறங்கும் முன் விளக்கம்: என்ன செய்யப்போகிறோம், அது எதற்கு உதவும், என்ன சைகை, யார் எங்கே நிற்பது. பிறகு செய்துகாட்டல், மாணவர் செய்வது, தவறைத் திருத்துவது. மேலே வந்தபிறகு எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்ற பேச்சு. இதில் ‘எதற்கு உதவும்’ என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாஸ்கில் தண்ணீர் விடச் சொல்கிற காரணம் தெரிந்த மாணவர் பாதி பயத்தை மேலேயே விட்டுவிட்டு வருவார்.

இந்தியாவில் இந்த வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஓடும். மனசுக்குள் தமிழில் ஓடவிட்டு வாயில் ஆங்கிலமாக மாற்றினால் நேரம் போய்விடும், கை கால் சைகையும் தப்பும். அறையில் கண்ணாடி முன் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும்.

12. தேர்வு: இரண்டு நாள்

தியரி, விதிமுறைத் தேர்வு, வகுப்பறையில் ஒரு பாடம், குளத்தில் கற்பித்தல், கடலில் கற்பித்தல், ஐந்து திறன்களைச் செய்துகாட்டல், நீர்ப்பரப்பில் அசைவற்றுக் கிடக்கும் டைவரைக் காப்பாற்றுதல். விதிமுறைத் தேர்வில் கையேட்டைத் திறந்துவைத்து எழுதலாம். எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு அந்தச் சலுகையால் பயனில்லை.

கடலில் கற்பிக்கும்போது உங்கள் மாணவர்களாக நடிப்பவர்கள் சக தேர்வர்கள். அவர்களில் ஒருவரிடம் தேர்வாளர் ரகசியமாக ஒரு தவறைச் செய்யச் சொல்லியிருப்பார். நீங்கள் அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். உங்கள் அடுத்த சைகை என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. ஒருவரைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றவர்களுக்கு முதுகைக் காட்டுவது அதைவிடப் பெரிய தவறு. உடம்பைக் கொஞ்சம் திருப்பி, எல்லோரும் ஒரே பார்வையில் விழும்படி நில்லுங்கள்.

காப்பாற்றும் பயிற்சியில் வேகத்தைவிட, அவர் முகம் தண்ணீருக்குள் போகாமல் இருப்பதே முக்கியம். மூச்சு கொடுத்துக்கொண்டே அவருடைய உபகரணத்தின் கொக்கிகளைக் கழற்றும் அவசரத்தில் தலையை விட்டுவிடுவார்கள். ஒரு கொக்கி, ஒரு மூச்சு, அடுத்த கொக்கி. கணக்கு தவறினால் கழற்றுவதை நிறுத்திவிட்டு மூச்சைக் கொடுங்கள்.

முந்தைய நாள் இரவு புதிதாக எதையும் படிக்காதீர்கள். ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் பேட்டரி, மாஸ்க் பட்டை மூன்றையும் பார்த்துவிட்டுப் படுங்கள்.

13. அட்டை வந்தபிறகு

ஒவ்வொரு வருடமும் உறுப்பினர் கட்டணம் கட்டிப் புதுப்பித்தால்தான் கற்றுக்கொடுக்க முடியும். காப்பீடு எது வேண்டும் என்பது வேலை செய்யும் நாட்டையும் சென்டரையும் பொறுத்தது. சேரும் முன்பே கேளுங்கள்.

ஓப்பன் வாட்டர் கோர்ஸில் கடலில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் 8 மாணவர்கள் வரை கூட்டிப்போகலாம் என்பது அதிகபட்ச வரம்பு. முதல் சில மாதங்களுக்கு இரண்டு, மூன்று பேருக்கு மேல் ஏற்காதீர்கள். கலங்கல் தண்ணீர் என்றால் அனுபவசாலி ஒருவரோடு சேர்ந்து நடத்தக் கேளுங்கள். கூட்டம் அதிகமான நாளில் முதலாளி ‘இன்னும் ரெண்டு பேர்தானே’ என்பார். கீழே பொறுப்பு உங்களுடையது, வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும்.

வருமானம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற கமிஷனாக வரும். சீசனில் நிறைய, மழைக்காலத்தில் ஒன்றுமில்லை. பெங்களூர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வீட்டுக் கடனோ கார் தவணையோ ஓடிக்கொண்டிருந்தால் முதல் வருடத்தைப் பகுதி நேரமாக, வார இறுதி வகுப்புகளோடு ஓட்டுவது புத்திசாலித்தனம். 25 பேருக்குச் சான்றிதழ் கொடுத்து, ஐந்து சிறப்புப் பயிற்சிகளில் இன்ஸ்ட்ரக்டர் தகுதியும் வாங்கினால் அடுத்த தகுதியான மாஸ்டர் ஸ்கூபா டைவர் ட்ரெய்னருக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு அது நன்றாக உதவும்.

வேலை தேடும் விண்ணப்பத்தை சீசன் தொடங்கும் முன், ஜூலை, ஆகஸ்டிலேயே அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கம் போதும். எத்தனை மாணவர்களோடு உதவியாளராக இறங்கினீர்கள், படகு வேலை தெரியுமா, கம்ப்ரஸர் ஓட்டத் தெரியுமா, என்னென்ன மொழி பேசுவீர்கள் என்பதை மேலேயே எழுதுங்கள். பெங்களூரில் வளர்ந்த தமிழருக்குத் தமிழோடு கன்னடமும், கொஞ்சம் இந்தியும் தெலுங்கும் வந்துவிடும். பயந்துபோன சுற்றுலாப் பயணியிடம் அவர் மொழியிலேயே பேசத் தெரிந்தவரை அந்தமான் சென்டர்கள் விடமாட்டார்கள்.